கருங்கல்லின் மூக்கு

என் அக்கா புருஷனுக்கு பஸ் டிப்போவில் கருங்கல் என்று பெயர். டிப்போக்காரர்கள் வைத்த பெயர் என்று சொன்னாலும், அதற்கு முன்பே எங்கள் வீட்டில் எல்லோரும் மனசுக்குள் அதே பெயரைத்தான் வைத்திருந்தோம். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மனிதர் அழுது யாரும் பார்த்ததில்லை. அவருடைய அப்பா செத்த அன்றைக்கு, வந்தவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, இவர் தெருமுனையில் நின்று வண்டிகளை வரிசையாக நிறுத்த வழி சொல்லிக்கொண்டிருந்தார். "ரிவர்ஸ் எடு, எடு, எடு, போதும்." ஒரு தடவை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போய், பஸ்ஸைக் கொண்டுபோய் ஒரு மணல் குவியலில் செருகினார். உள்ளே இருந்தவர்கள் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். இவர் இறங்கி, டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, "பக்கத்துல டீ கிடைக்குமா?" என்றாராம். வெங்காயம் நறுக்கினால்கூட அவர் கண்ணில் தண்ணீர் வராது. அதைப் பெரிய பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வார்.

எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்வை சோதித்து, ஃபிரேம் சரிபார்த்து, நாலு பேர் கண்ணுக்கு வெளிச்சம் கொடுக்கிற தொழில். அவர் அதைப் 'பொம்மைக் கடை' என்றுதான் சொல்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடிப்பார், நான் ஓட வேண்டும்.

அக்காவுக்கு நெஞ்சு பலவீனம். ஊருக்கு ஒரு சளிக் கிருமி புதுசாக வந்தால், முதலில் எங்கள் அக்கா வீட்டைத்தான் விசாரித்துக்கொண்டு வரும். வருஷம் தவறாமல் தடுப்பூசி போட்டுக்கொள்வாள். கிருமியும் வருஷம் தவறாமல் உருமாறிக்கொண்டு வரும். போன குளிர்காலத்தில் வந்த புது ரகம் ஊசியை மதிக்கவே இல்லை. ஆக்சிஜன் வைக்கிற அளவுக்குப் போய்விட்டது. மாமா டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்து கட்டிலருகே நின்றார். ரொம்ப நேரம் நின்றார். கடைசியில், "சாப்பிட்டியா?" என்றார். வாயிலும் மூக்கிலும் மாஸ்க் மாட்டிப் படுத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவள் தலையாட்டினாள். "சரி" என்று போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, அவர் பின்னாலேயே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். லிஃப்ட் மூடிக்கொண்டுவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "இன்னொரு தடவை இப்படி வந்தா நெஞ்சு தாங்குமான்னு எங்களால சொல்ல முடியாது." மாமா அதற்கும் "சரி" என்றார்.

இந்த நேரத்தில்தான் அவர் ஓட்டுகிற பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய விளம்பரத்தை ஒட்டினார்கள். ஊர் முழுக்க அதைச் சுமந்து திரிந்தவர் அவர். ஆனால் எந்த டிரைவர் தன் பஸ்ஸின் முதுகைப் பார்க்கிறார்? ஒரு நாள் பாலத்தின் மேல் நெரிசலில் மாட்டிக்கொண்டு, முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வந்தது. அதிலும் அதே விளம்பரம். ஒரு ராட்சத மூக்கு. அதற்குக் கீழே, 'உருமாறும் சளிக் கிருமிகள் அனைத்துக்கும் ஒரே ஊசி. உங்கள் மூக்கைத் தந்து உதவுவீர்களா?' ஐம்பது வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமானவர்கள் வரலாம் என்று போட்டிருந்தது. முன்னால் இருந்த பஸ் போன பிறகும் இவர் நகரவில்லையாம். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனார்களாம். கண்டக்டர் சொன்னார்.

அன்று சாயங்காலம் என் கடைக்குள் முதல் முறையாகக் கால் வைத்தார்.

"கிளம்பு."

"எங்க மாமா?"

"மூக்கக் குடுக்க."

குடும்பத்தில் ஒருவர் கூட வர வேண்டுமாம், அவசரத்துக்குக் கூப்பிட. அக்காவிடம் சொல்ல முடியாது, சொன்னால் விடமாட்டாள். ஆக மிச்சம் இருந்த குடும்பம் நான்தான்.

ஒரு பழைய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி முழுவதையும் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார்கள். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் ஒற்றைக் கட்டில் அறைகள், ஒவ்வொரு அறைக்கும் நடைபாதையைப் பார்த்து ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். கிருமியோடு இருப்பவர்களை வெளியில் நின்று பார்க்க. தும்முகிற யாரும் வார்டுக்குள் நுழையக்கூடாது என்று அங்கே ஒரு சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் ஆராய்ச்சியின் தலைவியான டாக்டரம்மா. அவருக்கோ தூசி ஒவ்வாமை, ஓயாத தும்மல். அதனால் சொந்த வார்டுக்குள் அவரால் ஒரு நாளும் போக முடியவில்லை. கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு, மைக்கில் பேசியே ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார்.

மாமாவுக்குப் புரிகிற மாதிரி அவர் விளக்கியதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"டிரைவர் சார், உங்க பஸ்ஸுல டிக்கெட் எடுக்காம ஏறுற ஒருத்தன் இருக்கான்னு வச்சுக்குங்க. கண்டக்டர் அவனோட சிவப்புச் சட்டைய ஞாபகம் வச்சிருக்காரு. மறுநாள் அவன் நீலச் சட்டையில வந்தா?"

"விட்டுருவாரு. எங்க கண்டக்டர் அப்படித்தான்."

"இப்ப இருக்கிற ஊசியும் அப்படித்தான். நாங்க செய்யற ஊசி சட்டையப் பார்க்காது, முதுகெலும்பப் பார்க்கும். கிருமி சட்டைய எத்தன தடவ வேணா மாத்திக்கலாம். முதுகெலும்ப மாத்தினா அதால நிக்கவே முடியாது." ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். "இந்த ஊசிய உங்களுக்குப் போட்டுட்டு, சில வாரம் கழிச்சு, ஊசி செஞ்ச காலத்துல இல்லாத ஒரு ரகத்த உங்க மூக்குல ரெண்டு சொட்டு விடுவோம். சளி பிடிக்குதா இல்லையான்னு பார்ப்போம்."

"என் வீட்டுல ஒருத்தி இருக்கா. நெஞ்சு சரியில்லாதவ. அவளுக்கு எப்பக் கிடைக்கும்?"

"இந்தச் சுற்றுல முடிவு தெளிவா வந்துட்டா, அடுத்த கட்டத்துல அவங்க மாதிரி ஆளுங்களத்தான் சேர்ப்போம். இந்தக் குளிருக்கு முன்னாடியே கிடைச்சிரும். தெளிவா வரலன்னா இன்னொரு சுற்று நடத்தணும்."

மாமா சட்டைக் கையை மேலே தள்ளி, புஜத்தை நீட்டினார். இன்னும் எத்தனையோ பரிசோதனை பாக்கி இருக்கிறது, இன்றைக்கே ஊசி கிடையாது என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் நிஜ ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, போடுகிறவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

"எதுக்கு இந்த ஏமாத்து வேலை?" என்றார் மாமா.

"நாங்களே எங்கள ஏமாத்திக்காம இருக்கத்தான்" என்றார் டாக்டரம்மா.

இதெல்லாம் மாமா தலைக்குள் ஏறவில்லை. தனக்கு விழுந்தது நிஜ ஊசிதான் என்று முடிவு கட்டிவிட்டார். கருங்கல்லுக்குப் போய் யாராவது உப்புத் தண்ணீர் போடுவார்களா? ஆக, தன் மூக்கு காய்ந்து கிடந்தால் ஊசி ஜெயித்தது, மூக்கு ஓடினால் ஊசி தோற்றது, அக்காவுக்கு ஊசி கிடையாது. அவர் கணக்கு அவ்வளவுதான். ஊசி போட்டுச் சில வாரம் கழித்து, புது எலக்ட்ரிக் பஸ் ஓட்ட வெளியூரில் பயிற்சி என்று அக்காவிடம் புளுகிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனார்.

அங்கே தராசக்காவிடம் மாட்டினார்.

தராசக்கா ஒரு நர்ஸ். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடை, பெரிய கண்ணாடிக் கவசம், கையில் பிளாஸ்டிக் பைகள். வார்டில் இருப்பவர்கள் மூக்கைத் துடைக்கிற ஒவ்வொரு டிஷ்யூவையும் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தராசில் வைத்து எடை பார்ப்பார். எவ்வளவு சளி என்று அப்படித்தான் தெரியுமாம். உலகத்தில் எதையெல்லாமோ நிறுத்து விற்கிறார்கள், இதை நிறுத்து என்ன செய்வது என்று நான் கேட்டேன். "இத நிறுத்தாத்தான் ஊசிக்கு மதிப்புத் தெரியும்" என்று வெடுக்கென்று சொன்னார்.

முதல் நாளே சண்டை. மாமா பழக்கதோஷத்தில் தன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்து, மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டார்.

"எடுங்க அத."

"என் கர்ச்சீப்பு."

"கர்ச்சீப்பு உங்களோடது. அதுல இருக்கிறது எங்களோடது. இந்த வார்டுல இருக்கிற வரைக்கும் உங்க முகத்துலேர்ந்து என்ன வந்தாலும் டிஷ்யூவுல துடைச்சுப் பையில போடணும். ஒரு துளி வெளிய போகக்கூடாது."

எதிரில் வருகிற லாரியே மாமாவின் முறைப்புக்கு ஒதுங்கும். தராசக்கா ஒதுங்கவில்லை. கைக்குட்டை பைக்குள் போனது. அன்றிலிருந்து மாமா அந்த விதியை டிராஃபிக் விதிபோல மதிக்க ஆரம்பித்தார்.

மூக்கில் கிருமி விட்ட பிறகு தினமும் எனக்கு ஃபோன். "இன்னிக்கு ஒண்ணுமே இல்லடா. பை காத்தாட்டம் இருக்கு. எதிர் ரூம்காரன் கொட்டோ கொட்டுன்னு கொட்டுறான். அவன் ஃபெயிலு." பரீட்சை எழுதப் போன பையன் மாதிரி பேசினார். அவர் பேசி முடிப்பதற்குள் என் கடையில் வந்தவர்கள் கண் சோதிக்காமலேயே கிளம்பிப் போனார்கள்.

திடீரென்று பை கனக்க ஆரம்பித்தது.

ஒரு நாள் கொஞ்சம். மறுநாள் அதைவிடக் கொஞ்சம். அப்புறம் எதிர் ரூம்காரரையே மிஞ்சிவிட்டார். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. ஆனா டிஷ்யூ எடை ஏறிட்டே போகுது. கேட்டா, ஆமா மூக்குதான்னு சொல்றாரு. நாளைக்கும் இப்படி ஏறினா நாங்க வச்ச எல்லையத் தாண்டிரும், மருந்து கொடுத்துக் கீழ் மாடிக்கு மாத்தணும். சளி பிடிச்சவங்க கணக்குல சேர்த்துருவோம்."

"மூக்குல குச்சி விட்டு எடுத்தீங்களே, அதுல கிருமி இருக்கா இல்லையான்னு தெரியாதா?"

"அது வேற ஊர்ல இருக்கிற லேபுக்குப் போகுது. எல்லாரோடதும் சேர்ந்துதான் முடிவு வரும். அதுக்குள்ள மருந்து கொடுத்துட்டா அப்புறம் அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

வந்திருப்பதே கொஞ்சம் பேர். அதில் ஒருவர் பக்கம் மாறினாலும் முடிவு குழம்பிப்போகும். குளிர்காலமோ அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது. அக்கா ஏற்கெனவே இரும ஆரம்பித்திருந்தாள்.

மத்தியானம் மாமாவிடமிருந்து ஃபோன். குரலே கேட்கவில்லை. கருங்கல் கிசுகிசுக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"டேய், ஒரு தப்பு நடந்துபோச்சு. அது மூக்குத் தண்ணி இல்ல."

"பின்ன?"

எதிர்முனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மாமா, பின்ன என்ன தண்ணி?"

"கண்ணு."

"கண்ணுல என்ன?"

"தண்ணிடா! எத்தன தடவ கேப்ப?"

ஒரு பெரியவருக்கு மூக்கில் ஃபிரேமை வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் ஃபிரேமின் ஒரு கால் என் கையோடு வந்துவிட்டது. பெரியவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும். இந்த மாதிரி ஒரு நாள் மனுஷ வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்?

"டிவில ஒரு தொடருடா. ஒரு நாய்க்குட்டி. எஜமானத் தேடி ஊர் ஊரா அலையுது. சாயங்காலம் போடுறான். இங்க வேற என்ன இருக்கு பார்க்கறதுக்கு?"

"அதுக்கா அழுதீங்க?"

"அழல. கண்ணுல தண்ணி வந்துச்சு. முகத்துலேர்ந்து எது வந்தாலும் பையில போடணும்னாங்க, போட்டேன். நர்சம்மா மூக்கான்னு கேட்டுச்சு. வேற என்னன்னு சொல்றது? ஆமான்னுட்டேன்."

"உண்மையச் சொல்லிருங்க மாமா. இல்லன்னா உங்க வாயாலயே ஊசியத் தோக்கடிச்சிருவீங்க."

"டிப்போவுக்குத் தெரிஞ்சா?"

"அக்காவுக்கு ஊசி வேணுமா, டிப்போவுல பேரு வேணுமா?"

டக்கென்று ஃபோனை வைத்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை நான் ஒரு கேள்வி கேட்டு மடக்கியிருந்தேன். அதைக் கொண்டாடக்கூட நேரம் இல்லாமல் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன்.

நான் போனபோது மாமா கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விறைப்பாக நின்று, மைக்கில் ஒப்புக்கொண்டிருந்தார். "மூக்கு இல்லீங்க. அழுகை." அந்த மைக் வார்டு முழுவதற்கும் பொதுவானது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எதிர் ரூம்காரர் கட்டிலிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

டாக்டரம்மா நம்பவில்லை. "சார், ஊசி ஜெயிக்கணும்னு உங்களுக்கு ஆசைன்னு எனக்குத் தெரியும். அதனாலயே உங்க வார்த்தைய அப்படியே எடுத்துக்க முடியாது. நீங்க அழுது நான் பார்க்கணும். அந்த நேரத்துல மூக்கு காஞ்சிருக்கணும். கண்ணத் துடைச்ச டிஷ்யூ தனியா அந்த எடை வரணும்."

"இப்ப அழணுமா?"

"நாளைக்குக் காலையில மருந்து. அதுக்குள்ள எப்ப வேணும்னாலும் அழுங்க."

நாய்க்குட்டித் தொடரைப் போட்டார்கள். தராசக்கா உள்ளே டிஷ்யூ பெட்டியோடு தயாராக நின்றார். வெளியே நானும் டாக்டரம்மாவும். நாய்க்குட்டி மழையில் நனைந்தது. மாமாவின் கண் காய்ந்து கிடந்தது. நாய்க்குட்டி பழைய வீட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார், ஒவ்வாமையாம். தராசக்காவின் நிலைமை மோசம். கவசத்துக்குள் கண்ணீர் வழிந்து ஓடுகிறது, கையை உள்ளே விட்டுத் துடைக்க வழியில்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்து வடித்துக்கொண்டிருந்தார். எதிர் ரூம்காரர் வாய்விட்டே அழுதார். அவர் பை அன்றைக்குக் கணக்கில் சேராது என்று மைக்கில் அறிவித்தார்கள்.

மாமா மட்டும் எதிரில் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி டிவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முக்கிப் பார்த்தார். தொடையைக் கிள்ளிப் பார்த்தார். "வெங்காயம் இருக்கா?" என்று கேட்டார். அதுதான் தனக்கு வேலை செய்யாது என்று அவரே ஊரெல்லாம் சொன்னதை மறந்துவிட்டார் போலிருக்கிறது.

"தெனமும் வந்துச்சே" என்றார். "நிஜமா வந்துச்சும்மா."

டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், பாவம் என்பதுபோல. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வேண்டாத போதெல்லாம் அழுதுவிட்டு, வேண்டும்போது கல்லாக உட்கார்ந்திருக்கிறாரே இந்த மனுஷன்! திட்டுவதென்றால் அதற்குச் சரியான ஆள் அக்காதான் என்று தோன்றியது. நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"மாமா பயிற்சிக்குப் போகல. மூக்குல கிருமி விட்டுக்கிட்டு ஆஸ்பத்திரியில இருக்கார்."

அக்கா முதலில் உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்தாள். செருப்பைத் தேடினாள். வழியெல்லாம் நான் சொல்லச் சொல்ல, அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. "எலக்ட்ரிக் பஸ்ஸாம்! சத்தமே வராதாம்! அதான் ஃபோன்ல சத்தமே இல்லையாம்! நானும் நம்பித் தொலைச்சேன்டா!"

"தினமும் ஃபோன் பண்ணுவாரா?"

"சாயங்காலமானா பண்ணுவாரு. சாப்பிட்டியாம்பாரு. நான் இருமிட்டே பதில் சொல்லுவேன். சரின்னு வச்சிருவாரு. அந்த மனுஷனுக்கு வேற என்ன பேசத் தெரியும்?"

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. நாற்காலி கொண்டுவரச் சொல்கிறேன் என்றேன், கேட்கவில்லை. கோபம் அவளைப் படியேற்றியது. மாடிக்கு மாடி நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினாள். கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று, மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, டாக்டரம்மாவின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

மாமா கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். பிடிபட்டவர் முகம்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? யாரக் கேட்டு மூக்கக் குடுத்தீங்க? என்னென்னமோ புளுகி, எங்கிட்டயே..."

அதற்கு மேல் வரவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்து, நிற்காமல், ஆளையே குலுக்குகிற இருமல். மைக் கையில் இருந்ததால் வார்டு முழுக்கக் கேட்டது. அவள் கண்ணாடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். மாமா கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் கை இருந்த இடத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கண்ணிலிருந்து மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. தாடையில் இறங்கி, சட்டையில் சொட்டியது.

"டிஷ்யூ! டிஷ்யூ!" என்று கத்திக்கொண்டு டாக்டரம்மா கண்ணாடியைத் தட்டினார். தராசக்கா பாய்ந்தார். "அசையாதீங்க! மூக்குல படக்கூடாது! கண்ணு மட்டும்! இந்தக் கண்ணு ஒரு பை, அந்தக் கண்ணு ஒரு பை!" மாமா அசையவில்லை. தராசக்கா இரண்டு கையாலும் ஒற்றி ஒற்றி எடுத்தார். மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, "காஞ்சு கிடக்கு டாக்டர்!" என்று கூவினார். பையைத் தராசில் வைத்தார். தினமும் வந்த எடை வந்தது, அதற்கு மேலும் வந்தது. எதிர் ரூம்காரர் கைதட்டினார்.

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தொடர் சாயங்காலம். ஃபோனும் சாயங்காலம். மனிதர் தினமும் அவள் இருமலைக் கேட்டு, சரி என்று ஃபோனை வைத்துவிட்டு, அந்தச் சமயம் எதிரில் ஓடிக்கொண்டிருந்த நாய்க்குட்டியின் தலையில் பழியைப் போட்டிருக்கிறார். ஏமாந்தது நாங்கள் மட்டும் இல்லை, அவரும்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நடுவில் கண்ணாடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

அக்காவுக்கு மூச்சு திரும்பியது. மைக்கை மறுபடி வாய்க்கருகே கொண்டுபோனாள்.

"இருமுறது நான். அழறது நீங்களா?" என்றாள்.

"நாய்க்குட்டி" என்றார் மாமா.

"சரி" என்றாள் அக்கா.

மருந்து கொடுக்கவில்லை. வெளியூர் லேபிலிருந்து வந்த முடிவிலும் அவர் மூக்கில் கிருமி தங்கவே இல்லை. சளி பிடிக்காதவர் கணக்கில் சேர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமா ஏதோ கோப்பையை வென்று வந்தவர்போலத் திரிந்தார். டிப்போவில் விஷயம் பரவி, கருங்கல்லைத் தண்ணீர்த்தொட்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். யாரையும் முறைக்கவில்லை. ஊசி ஜெயித்துவிட்டது, அவருக்கு அது போதும்.

ஆராய்ச்சி முடிந்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்த பிறகு டாக்டரம்மா ஃபோன் செய்தார். நாங்கள் மூவரும் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தோம். மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணி."

மாமாவுக்குப் புரியவில்லை. "அப்ப எனக்கு ஏன் சளி பிடிக்கல?"

"சிலருக்கு இயல்பாவே ஒட்டாது. உங்களுக்கு ஒட்டல." தும்மினார். "ஊசி போட்டவங்கள்ல நிறையப் பேருக்குச் சளி பிடிக்கல. ஆனா உப்புத் தண்ணி போட்டவங்கள்லயும் உங்களோட சேர்த்து சில பேருக்குப் பிடிக்கல. வித்தியாசம் தெளிவா தெரியுதுன்னு சொல்ல முடியாதபடி கொஞ்சத்துல நிக்குது. இன்னும் அதிகம் பேர வச்சு இன்னொரு சுற்று நடத்தணும். உங்க வீட்டம்மாவுக்கு இந்தக் குளிருக்கு முடியாது சார். மன்னிச்சிருங்க."

மாமா ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். எனக்குக் கணக்கு விளங்க ஆரம்பித்தது. விளங்கியதும் வாயை அடக்க முடியவில்லை.

"மாமா, அன்னிக்கு நீங்க அழுகைன்னு ஒத்துக்காம வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா, உப்புத் தண்ணி போட்டவருக்குச் சளி பிடிச்சதுன்னு எழுதியிருப்பாங்க. ஊசி சுளுவா ஜெயிச்சிருக்கும். அக்காவுக்கு இப்பவே கிடைச்சிருக்கும்."

சொன்ன பிறகுதான் என் நாக்கை இழுத்து வைத்துக் கடிக்கலாம்போல் இருந்தது. மாமாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவர் அக்காவைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்.

"நான் கெடுத்துட்டேன்" என்றார்.

அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பொய்யாப் பாஸான ஊசிய என் கையில குத்த விட்டிருப்பீங்களா?"

மாமா யோசித்தார். அவசரப்படாமல், நாலு பக்கமும் பார்த்து வண்டியை எடுக்கிற மாதிரி யோசித்தார்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"அப்புறம் என்ன கெட்டுப்போச்சு? சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. ஒரு தடவை கலந்துகொண்டவர் அடுத்த சுற்றில் சேர முடியாது. இது எங்கள் இருவருக்கும் தெரியும். மாமா மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முறைக்கவில்லை. கெஞ்சுகிற முகம் அவருக்குப் பழக்கம் இல்லை. அதனால் என்னவோபோல் இருந்தது.

"உனக்கு இன்னும் அம்பது ஆகலல்ல?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கடை இருக்கிறது, யார் பார்த்துக்கொள்வது, எனக்குச் சளி என்றாலே ஆகாது, அந்தத் தராசக்கா கையில் என் டிஷ்யூவைக் கொடுக்க என்னால் முடியாது. இத்தனையும் வரிசையாக நாக்கு நுனியில் நின்றன.

அக்கா இருமினாள்.

"ஆகல மாமா" என்றேன்.